ஊற்றலாம்

எட்டு மேசைதான் மொத்தம்.
பெசான்சோனில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி,
கனத்த திரைச்சீலையை விலக்கி நுழைகிற கடை.
கணப்புக்குப் பக்கத்து நாற்காலி அப்பாவுக்கு.
சுவரோரம் எனக்கு,
நிமிர்ந்தால் தலையில் தட்டும் செப்புச் சட்டிக்குக் கீழே.
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

நவம்பர். வெளியே மழை
ஒரு முடிவுக்கு வராமல் பெய்துகொண்டிருந்தது.

எரிவாயு நிறுவனத்தில் முப்பத்தோரு வருடம்.
எந்த வீட்டில் எந்த மூலையில் கசிகிறதென்று
கருவிக்கு முன்னால் அப்பாவின் மூக்கு சொல்லிவிடும்.
ஃபெர்னான் வந்தால் கருவி எதற்கு என்பார்களாம்.
என் பதினாறாம் வயதுச் சிகரெட்டை
மூன்று புதினா மிட்டாய்களுக்கு அப்பாலிருந்து
பிடித்த மூக்கு.

அதைக் கூட்டிக்கொண்டு உணவகம் போவது
எனக்கும் அம்மாவுக்கும் பெரும் சங்கடம்.
டோல் நகரில், அம்மாவின் பிறந்தநாளன்று,
மூன்று புட்டிகளைத் திருப்பி அனுப்பினார்.
நான்காவதைத் திறந்தவனின் கை நடுங்கியது.
அம்மா மேசைவிரிப்பின் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.
இப்போது அவள் லா ரோஷெலில், வேறொருவரோடு,
எந்தப் புட்டியையும் கேள்வி கேட்காமல் குடிக்கிறாள்.

இன்று பரிமாற வந்த பையன் புதியவன்.
எலுவா என்று சட்டையில் பெயர்.
தக்கையைத் தட்டில் வைத்தான்,
இரண்டு விரற்கடை ஊற்றினான்.
அப்பா கோப்பையைச் சுழற்றினார்,
விளக்குக்கு எதிரே பிடித்தார்,
மூக்கை உள்ளே விட்டுக் கண் மூடினார்.
சடங்கில் ஒன்றும் குறையவில்லை.
நாக்கில் உருட்டி விழுங்கிவிட்டு
"ஊற்றலாம்" என்றார்.

நான் ஒரு வாய் குடித்தேன்.
ஈரத்தில் கிடந்த அட்டைப்பெட்டி.
வெள்ளம் வடிந்த நிலவறை.
நனைந்து, பாதி காய்ந்த நாய்.
தக்கை கெடுத்த மது அது.
சளி பிடித்தவனுக்குக்கூடத் தெரியும்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது.
போன ஞாயிறு எனக்கு ஊற்றிக் கொடுத்த திரிந்த பால்.
வாணலி கருகக் கருக
அடுத்த அறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தது.
ஜனவரிக் காய்ச்சலுக்குப் பிறகு
மின் அடுப்புக்கு மாறியது.
"சிக்கனம்" என்றார் அப்போது.
எரிவாயுக்காரர் வீட்டில் மின் அடுப்பு!
ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்,
ஏனென்று ஒரு நாள் யோசிக்கவில்லை.

வெங்காய சூப் வந்தது.
மூக்கைத் துளைக்கும் என்பார்களே, அந்த வாசனை.
பக்கத்து மேசைத் தம்பதி பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள்.
அப்பா மேலே உருகியிருந்த பாலாடைக்கட்டியைக்
கரண்டியால் தூக்கித் தூக்கி
அது எவ்வளவு நீளுகிறது என்று பார்த்தார்.
உப்புப் போட்டார்.
மறுபடி போட்டார்.

"மது எப்படி?"
குனிந்தபடியே கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.
நாற்பத்திரண்டு வருடத்தில்
ஒரு ருசியை என் முகத்தில் அவர் தேடியது
அதுவே முதல் தடவை.

சமையலறை வாசலில் எலுவா.
தக்கையை அப்போதுதான் முகர்ந்திருக்க வேண்டும்,
முகம் வெளிறியிருந்தது.
வரவேண்டாம் என்று கண்ணால் சொன்னேன்.

"கொஞ்சம் மண் வாசனை, அப்பா."
"ஈர மண்ணா, காய்ந்ததா?"
"ஈரம்."

அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம்
வாயிலேயே வைத்திருந்தார்.
கணப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"அட்டைப்பெட்டி மாதிரியா?"

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது.
அவர் கண்கள் அதை முகர்ந்துவிட்டன.

"ஆமாம்."
"ம்."
ரொட்டித் துணுக்குகளை விரலால் கூட்டி
மேசை விளிம்பில் சின்னதாய் ஒரு குவியல் செய்தார்.
"எத்தனை நாளாய்?" என்று நான் கேட்கவில்லை.
"நீ கூப்பிடு அவனை" என்றார்.
"மெதுவாகச் சொல். பையன் புதுசு."

இரண்டாம் புட்டியோடு வந்தவன்
யார் கோப்பையில் முதலில் ஊற்றுவதென்று தயங்கினான்.
அப்பா தன்னுடையதை உள்ளங்கையால் மூடினார்.

பிறகு எழுந்து,
ஒரு கை, இன்னொரு கை,
கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.